1553 டேட்டா பஸ் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துத் தேடும் முறை

ரேடார், நேவிகேஷன், டிஸ்ப்ளே, ஆயுத மேலாண்மை எல்லாவற்றையும் ஒரே ஜோடிக் கம்பியில் பேசவைக்கும் ஏற்பாடு மில்-எஸ்டிடி-1553பி. அமெரிக்க விமானப்படை முதல் வடிவத்தை 1973-இல் வெளியிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் பி வடிவம் 1978-இல் வந்தது. எஃப்-16 முதல் தேஜஸ் வரை இதுதான் ஓடுகிறது. வயது இவ்வளவு ஆகியும், புதிதாக ஒரு ரிக் (லேப்பில் கருவிகளை இணைத்துச் சோதிக்கும் அமைப்பு) கட்டினால் பழைய கோளாறுகளே வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பெட்டியை, அதாவது பஸ்ஸில் மாட்டிய கருவியை, கழற்ற வேண்டிய காரணம் கடைசியில்.

என் அனுபவத்தில் பெட்டி குற்றவாளியாக இருப்பது அபூர்வம். கம்பி, கனெக்டர், முகவரி ஜம்பர், இவை சரி என்றால் ஐசிடி (எந்த டேட்டா எந்த வடிவில் போகும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆவணம்), இவை எல்லாம் தாண்டித்தான் பெட்டி. ஆனால் முதல் நாளே உற்பத்தியாளருக்கு மெயில் போய்விடுகிறது.

இது லேப் ரிக்குக்கான குறிப்பு. பறக்கும் விமானத்தில் பராமரிப்புக் கையேடு சொல்வதைத்தான் செய்ய வேண்டும், அதுவும் அதிகாரம் பெற்றவர் மட்டும்.

## எதைத் தொடும் முன்னும்

பஸ் கன்ட்ரோலரில் (பஸ்ஸில் கட்டளை கொடுக்கும் கருவி) ஆட்டோ ரீட்ரையை, அதாவது தானாக மறுமுயற்சி செய்வதை, நிறுத்துங்கள். ஒரே வேலைக்கு ஏ, பி என்று இரண்டு பஸ் இருக்கும், ஒன்றுக்கு ஒன்று மாற்று. ஏ பஸ்ஸில் பதில் வராவிட்டால் சத்தமில்லாமல் பி-க்குப் போய்விடும் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு எந்தக் கோளாறையும் பிடிக்க முடியாது. பஸ் மானிட்டரை (போக்குவரத்தைக் கேட்டுப் பதிவு மட்டும் செய்யும் கருவி) ஓடவிட்டு, ஏ, பி இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

ஸ்கோப்பில் டிஃபரென்ஷியல் புரோப் இல்லையென்றால் இரண்டு சானலை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். ஒரே புரோபின் கிரவுண்டு கிளிப்பை ஜோடியின் ஒரு கம்பியில் மாட்டினால் அந்தக் கம்பி எர்த் ஆகிவிடும். அப்புறம் நீங்கள் பார்ப்பது நீங்களே உண்டாக்கிய கோளாறு.

நல்லது என்று நிரூபணமான ஒரு ஸ்டப் கேபிள் (பிரதானக் கேபிளிலிருந்து பெட்டிக்குப் போகும் கிளை), ஒரு கப்ளர் (அந்தக் கிளையைப் பிரதானக் கேபிளோடு இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), இரண்டு டெர்மினேட்டர்கள் (பிரதானக் கேபிளின் இரு முனைகளில் மாட்டும் ரெசிஸ்டர்கள்), இவற்றைத் தனி டப்பாவில் பூட்டி வையுங்கள். யாரும் இரவல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 1: ஒரே ஒரு ஆர்டி, ஏ, பி இரண்டிலும் பதிலே இல்லை

ஆர்டி என்பது ரிமோட் டெர்மினல், கன்ட்ரோலரின் கட்டளைக்குப் பதில் சொல்லும் பெட்டி. இரண்டு பஸ்ஸும் வெவ்வேறு கேபிள், வெவ்வேறு கப்ளர். இரண்டும் ஒரே நாளில் கெடாது. ஆகவே கேபிளை விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள்.

பவர். பெட்டி எரிகிறதா என்றல்ல, துவக்கச் சோதனை முடிந்து ஆர்டி எழுந்துவிட்டதா என்று பாருங்கள். சில பெட்டிகள் எழுந்திருக்கப் பல விநாடிகள் எடுக்கும்.

முகவரி. அதிகம் மாட்டுவது இங்கேதான். ஆர்டி முகவரி ஐந்து கம்பிகள், கூடவே ஒரு பாரிட்டி கம்பி (ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க). ஆறும் பெட்டியில் இல்லை, ஹார்னஸ் (கம்பிக் கட்டு) கனெக்டரில் இருக்கின்றன. பொதுவாக கிரவுண்டில் கட்டினால் 0, திறந்து விட்டால் 1. பாரிட்டி ஒற்றைப்படை. முகவரி 5 என்றால் 00101, அதில் இரண்டு ஒன்றுகள். எனவே பாரிட்டி 1 ஆக இருக்க வேண்டும், அந்தக் கம்பியைத் திறந்தே விட வேண்டும். முகவரி 7 என்றால் மூன்று ஒன்றுகள், பாரிட்டியை கிரவுண்டில் கட்ட வேண்டும்.

கிரவுண்டு ஜம்பர் ஒன்று அறுந்தால் ஒரு பிட் 1 ஆகிவிடும், பாரிட்டி உதைக்கும். அப்போது ஆர்டி எந்தக் கட்டளைக்கும் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். தவறான முகவரியில் பேசும் ஆயுதப் பெட்டியைவிடப் பேசாத பெட்டி எவ்வளவோ மேல். கனெக்டரே மாட்டாமல் விட்டாலும் இதே கதைதான்: ஆறு கம்பியும் திறந்து ஆறு ஒன்றுகள், இரட்டைப்படை, செல்லாது.

செய்ய வேண்டியது: கனெக்டரைக் கழற்றி ஆறு பின்னையும் கிரவுண்டுக்கு எதிராக மீட்டரில் பாருங்கள். பிறகு பவரை அணைத்துப் போடுங்கள். பல ஆர்டி சிப்புகள் முகவரியைப் பவர் வரும்போது மட்டுமே படிக்கும். ஜம்பரைத் திருத்தியும் அப்படியே இருக்கிறதே என்று குழம்புபவர்களில் பாதிப் பேர் பவரை அணைக்காதவர்கள்.

வேறு முகவரியில் உட்கார்ந்திருக்கிறதா? இரண்டு ஜம்பர் மாறியிருந்தால் பாரிட்டி சரியாகவே வரும், முகவரி மட்டும் தப்பு. கன்ட்ரோலரிலிருந்து 0 முதல் 30 வரை ஒவ்வொரு முகவரிக்கும் மோட் கோடு (ஆர்டியையே கட்டுப்படுத்தும் தனிக் கட்டளை) 2, அதாவது ஸ்டேட்டஸ் வேர்டை (ஆர்டி தன் நிலையைச் சொல்லும் பிட் தொகுதி) கேட்கும் கட்டளையை அனுப்பிப் பாருங்கள். 31 பொது அறிவிப்புக்கானது, அதில் பதில் வராது. எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பதில் வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

போலாரிட்டி இரண்டு பஸ்ஸிலும் புரண்டிருக்கிறதா? ஹார்னஸ் வரைபடமே தப்பாக இருந்தால் இது நடக்கும். கீழே அடுத்த அறிகுறியில் விவரம்.

இத்தனையும் சரி, ஸ்கோப்பில் பெட்டியின் ஸ்டப் நுனி வரை கட்டளை நல்ல உயரத்தில் வருகிறது, அப்படியும் மௌனம் என்றால் பெட்டியை உற்பத்தியாளரிடம் அனுப்பலாம். அனுப்பும்போது முகவரி பின்களின் அளவீட்டையும் ஸ்கோப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

## அறிகுறி 2: அதே ஆர்டி, ஏ-யில் பேசுகிறது, பி-யில் பேசவில்லை

இங்கே முகவரியை மறந்துவிடலாம். ஒரு பஸ்ஸில் பேசினாலே முகவரி சரி.

யாராவது வாயை அடைத்திருக்கிறார்களா? முதலில் இதைப் பாருங்கள், காசே ஆகாது. மோட் கோடு 4-ஐ ஏ பஸ்ஸில் அனுப்பினால் அந்த ஆர்டியின் பி டிரான்ஸ்மிட்டர் நின்றுவிடும். முந்தைய ஷிஃப்டில் யாரோ சோதனை ஓட்டிவிட்டு அப்படியே போயிருக்கலாம். மோட் கோடு 5 அனுப்பி விடுவியுங்கள், அல்லது 8 அனுப்பி ரீசெட் செய்யுங்கள். பேச ஆரம்பித்தால் கோளாறே இல்லை, சோதனை ஸ்கிரிப்ட்டின் முடிவில் விடுவிக்கும் வரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஸ்டப்பை மாற்றிப் போடுங்கள். பெட்டியின் பின்புறம் ஏ கேபிளை பி-யிலும் பி கேபிளை ஏ-யிலும் மாட்டுங்கள். கட்டளை எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே ஆர்டி பதில் சொல்வதால் இப்படி மாட்டினாலும் எல்லாம் வேலை செய்யும். அதனால்தான் இது நல்ல சோதனை. அதனாலேயே, தெரியாமல் மாறி மாட்டப்பட்ட கேபிள் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமலும் இருக்கும். முடிந்ததும் திரும்பப் பழையபடி மாட்டுங்கள்.

- பி பஸ்ஸிலேயே கோளாறு நின்றால்: கேபிள், கனெக்டர் அல்லது கப்ளர்.
- கோளாறு ஏ பஸ்ஸுக்குத் தாவினால்: பெட்டியின் பி சானல். கம்பியைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

### கம்பிப் பக்கம் என்றால்

முதலில் போலாரிட்டி. கட்டளை வேர்டின் தொடக்கத்தில் மூன்று மைக்ரோ விநாடிக்கு ஒரு சிங்க் (வேர்டு தொடங்குகிறது என்ற அடையாள அலை) வரும்: முதல் பாதி மேலே, மறு பாதி கீழே. டேட்டா வேர்டுக்கு இது தலைகீழ். ஆகவே ஜோடி புரண்டால் ஆர்டிக்குக் கட்டளையே டேட்டாவாகத் தெரியும். தன்னைக் கூப்பிடவில்லை என்று சும்மா இருக்கும். எந்தப் பிழையும் பதிவாகாது, வெறும் மௌனம். டிரையாக்ஸ் கனெக்டரில் (நடுப் பின், நடு வளையம், ஷீல்டு என மூன்று தொடர்புகள் உள்ளது) நடுப் பின்தான் உயர் கம்பி. அங்கிருந்து பெட்டியின் பின் வரை கன்டின்யுட்டி பாருங்கள்.

அடுத்து கனெக்டர். நடுப் பின் பின்வாங்கியிருப்பது, நடு வளையம் சரியாக கிரிம்ப் ஆகாதது, இவை கண்ணுக்கே தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஓம் மீட்டரை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்ளரின் ஸ்டப் வாயில் மீட்டரை வைத்தால் ஏறத்தாழ ஷார்ட் போலவே காட்டும். பயப்பட வேண்டாம், அது டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று. அங்கே திறந்த சுற்றாகக் காட்டினால்தான் கோளாறு.

மீட்டரில் பிடிபடாவிட்டால் டப்பாவில் உள்ள நல்ல ஸ்டப்பை மாட்டுங்கள், பிறகு நல்ல கப்ளரை. ரிக்கில் இது சில நிமிட வேலை. விமானத்தில் கப்ளர் பெரும்பாலும் பேனலுக்குப் பின்னே கட்டுக்குள் இருக்கும், சில வகைகளில் கேபிளோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். அங்கே கத்தரியை எடுக்கும் எண்ணம் வந்தால் நிறுத்திவிட்டு ஹார்னஸ் கடையைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: ஒரு பஸ் முழுக்கச் செத்துவிட்டது

எல்லா ஆர்டியும் ஏ-யில் இல்லை, பி-யில் எல்லாம் சரி.

### ஸ்கோப்பில் எதுவுமே இல்லை

கன்ட்ரோலரின் ஏ கேபிள் மாட்டியிருக்கிறதா, மென்பொருளில் ஏ சானல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலரின் ஸ்டப்பில் ஸ்கோப்பை வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கப்ளிங், அதாவது கப்ளர் வழியான இணைப்பு, என்றால் அதன் சொந்தப் பேச்சு உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 18 முதல் 27 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே நன்றாக இருந்து மற்ற ஸ்டப்புகளில் இல்லையென்றால் கன்ட்ரோலரின் கப்ளரோ பிரதானக் கேபிளோ அறுந்திருக்கிறது.

### ஏதோ இருக்கிறது, ஆனால் குட்டையாக

ஜோடி எங்கோ ஷார்ட். மீட்டரை வைக்கும் முன் கணக்குப் போடுங்கள். 78 ஓம் டெர்மினேட்டர் இரண்டு என்பதால் 39 ஓம் வர வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், வராது. ஒவ்வொரு கப்ளரும் தன் இரண்டு தனிமைப்படுத்தும் ரெசிஸ்டர்கள் வழியாக ஏறத்தாழ 120 ஓமைக் குறுக்கே போடுகிறது. ஆறு கப்ளர் உள்ள பஸ்ஸில் 13 ஓம் வந்தால் அது ஆரோக்கியம். ஒரு டெர்மினேட்டர் இல்லாவிட்டால் அதுவே 16 ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் டெர்மினேட்டர் இருக்கிறதா என்பதை மொத்த அளவீட்டில் தேடாதீர்கள். இரண்டையும் கழற்றித் தனித்தனியாக அளந்துவிடுங்கள். 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது 76.4 முதல் 79.6 ஓம் வரை.

ஷீல்டுக்கும் இரண்டு கம்பிகளுக்கும் இடையே திறந்த சுற்று இருக்க வேண்டும். எதுவாவது தொட்டால் கனெக்டருக்குள் ஷீல்டின் ஒரு இழை எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம்.

ஸ்டப்பில் ஏற்பட்ட ஷார்ட் பஸ்ஸைக் கொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த ரெசிஸ்டர்கள் இருப்பதே அதற்குத்தான். முழு பஸ்ஸும் விழுந்தால் ஷார்ட் பிரதானக் கேபிளில் இருக்கிறது, அல்லது யாரோ கப்ளர் இல்லாமல் எதையோ நேராக பஸ்ஸில் செருகியிருக்கிறார்கள். லேப்பில் இரண்டாவதுதான் அதிகம்.

### இடைவிடாமல் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது

ஒரு பெட்டி உளறுகிறது. 800 மைக்ரோ விநாடிக்கு மேல் பேச விடாமல் ஒவ்வொரு டெர்மினலிலும் தனி டைமர் இருக்க வேண்டும், அதையும் மீறி ஓடினால் வன்பொருளே பழுது. ஸ்டப் ஒவ்வொன்றிலும் ஸ்கோப்பை வையுங்கள். பேசும் பெட்டியின் ஸ்டப்பில் 20 வோல்ட் அளவிலும் மற்றவர்களின் ஸ்டப்பில் 5 வோல்ட் அளவிலும் தெரியும். உயரத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம், ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதில்லை. பிடித்ததும் அந்தப் பெட்டியைப் பழுதுபார்க்க அனுப்புங்கள். இதில் வேறு வழி இல்லை.

## அறிகுறி 4: அவ்வப்போது பாரிட்டி பிழை, மான்செஸ்டர் பிழை, வேர்டு குறைவு

மனிதனை வாட்டுவது இதுதான். மான்செஸ்டர் பிழை என்றால் பிட்டின் நடுவே வர வேண்டிய மாற்றம் வரவில்லை என்று அர்த்தம். முதலில் மானிட்டர் பதிவை எடுத்து, பிழைகள் யாரிடம் குவிகின்றன என்று பிரியுங்கள்.

### பிழை ஒரே முகவரியில்தான்

ஒரே முகவரியில் இரண்டு பேர். ஸ்டேட்டஸ் வேர்டு மட்டும் சிதைந்து வருகிறதா? இரண்டு பெட்டிகள் சில மைக்ரோ விநாடி வித்தியாசத்தில் ஒன்றன்மேல் ஒன்று பேசுகின்றன. பெறும் கட்டளை என்றால் இன்னும் மோசம், இரண்டுமே டேட்டாவை வாங்கிக்கொள்ளும். சந்தேகப்படும் பெட்டியின் பவரை எடுத்துவிட்டு அதே முகவரியைக் கூப்பிடுங்கள். பதில் வந்தால் பேசுவது வேறு யாரோ.

தப்பான கப்ளிங். பல பெட்டிகளில் நேரடி கப்ளிங்குக்கு (கப்ளர் இல்லாத இணைப்பு) ஒரு ஜோடிப் பின், டிரான்ஸ்ஃபார்மர் கப்ளிங்குக்கு வேறு ஜோடி. மாற்றிக் கட்டினால் பேசும், ஆனால் உயரம் 18 வோல்ட்டைத் தொடாது. அந்த ஆர்டி பேசும்போது மட்டும் அதன் ஸ்டப்பில் அளந்தால் தெரிந்துவிடும்.

ஸ்டப் நீளம். டிரான்ஸ்ஃபார்மர் கப்ளிங்குக்கு 20 அடி, ஏறத்தாழ 6 மீட்டர். நேரடிக் கப்ளிங்குக்கு ஒரே ஒரு அடி. வடிவமைப்புக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு பெட்டியை விமானத்தின் வேறு அறைக்கு மாற்றியவர் கேபிளை நீட்டிவிட்டுப் போயிருப்பார். டேப்பை எடுத்து அளங்கள், வரைபடத்தை நம்பாதீர்கள்.

தளர்ந்த கனெக்டர். மானிட்டரைப் பார்த்தபடி கேபிளை மெதுவாக ஆட்டுங்கள். ஆட்டும்போது பிழை எண்ணிக்கை ஏறினால் சரி, கிடைத்துவிட்டது. கிரிம்ப்பை மீண்டும் அழுத்திப் பார்க்காமல் வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

### பிழை எல்லோரிடமும் பரவி வருகிறது

டெர்மினேட்டர். ரிக்கில் மூன்று மீட்டர் கேபிளில் ஒரு டெர்மினேட்டர் இல்லாமலும் பஸ் ஜம்மென்று ஓடும். அதே பெட்டிகளை முழு நீள ஹார்னஸில் மாட்டியதும் எதிரொலி பிட்டுகளின் மேல் வந்து விழும். ஸ்கோப்பில் அலையின் ஓரத்தில் படிக்கட்டு போல ஒரு வெட்டு, தலையில் ஒரு வீக்கம் தெரிந்தால் இதுதான். 'லேப்பில் ஓடியதே' என்ற வாதத்துக்கு இங்கே மதிப்பில்லை. லேப் ரிக்கிலும் விமானத்தின் நீளத்துக்கே கேபிள் போட வேண்டும் என்று நான் சண்டை போடுவதன் காரணம் இது. இடமில்லை என்றால் சுருட்டி வையுங்கள்.

அடுத்து கேபிள் வகை. 1 மெகாஹெர்ட்ஸில் 70 முதல் 85 ஓம் வரை உள்ள கேபிள்தான் வேண்டும். அவசரத்துக்கு நடுவில் 120 ஓம் முறுக்குக் கம்பி ஒரு துண்டு நுழைந்திருக்கிறதா பாருங்கள்.

பிறகு ஷீல்டு. கனெக்டரில் ஷீல்டு முழு வட்டமாகப் பிடிக்கப்பட வேண்டும். வால் போலத் திரித்து ஒரு பின்னில் கட்டியிருந்தால், பக்கத்தில் ரேடியோ டிரான்ஸ்மிட் செய்யும்போதெல்லாம் பிழை வரும். ரேடியோவை ஆன், ஆஃப் செய்து பிழைப் பதிவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கி, ஷீல்டைச் சரிசெய்தும் தீராவிட்டால் ஈஎம்ஐ (மின்காந்தக் குறுக்கீடு) ஆய்வகத்திடம் ஒப்படையுங்கள். ஃபெரைட் வளையங்களை வாங்கி மாட்டிப் பார்ப்பது அதைவிட அதிகச் செலவில் முடியும்.

வெப்பநிலை ஏறினால் மட்டும், அதிர்வில் மட்டும் வரும் பிழைக்கு ரிக்கில் மருந்து இல்லை. டிடிஆர் கருவி (கம்பியில் துடிப்பை அனுப்பி எதிரொலியை அளப்பது) வைத்திருக்கும் ஹார்னஸ் குழு கேபிளில் எத்தனை மீட்டரில் கோளாறு என்று சொல்லிவிடும்.

## அறிகுறி 5: பதில் வருகிறது, ஆனால் 'நோ ரெஸ்பான்ஸ்' என்று பதிவாகிறது

ஆர்டி 4 முதல் 12 மைக்ரோ விநாடிக்குள் பதில் தர வேண்டும். கன்ட்ரோலர் குறைந்தது 14 வரை காத்திருக்க வேண்டும். ஸ்கோப்பில் அளப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: இந்த அளவு கடைசி பாரிட்டி பிட்டின் நடுவிலிருந்து ஸ்டேட்டஸ் சிங்க்கின் நடுவரை. கண்ணுக்குத் தெரியும் மௌனம் இதைவிட 2 மைக்ரோ விநாடி குறைவாகவே இருக்கும். மௌனம் 2 என்று தெரிந்தால் ஆர்டி அவசரப்படுகிறது என்று புகார் எழுதாதீர்கள், அது சரியான 4. மௌனம் 10-க்கு மேல் போனால்தான் ஆர்டி தாமதம்.

கன்ட்ரோலர் அட்டையின் டைம்அவுட் அமைப்பைப் பாருங்கள். சரியாக இருந்தும் ஆர்டி தாமதித்தால், அது ஏஎஸ்4111 என்ற ஆர்டி சரிபார்ப்புச் சோதனையில் தேறியதற்கான அறிக்கையை உற்பத்தியாளரிடம் கேளுங்கள். தேறிய பெட்டி இப்படிச் செய்யக் கூடாது.

## அறிகுறி 6: எல்லாம் பச்சை, ஆனால் மதிப்பு தப்பு

பிழை பூஜ்யம், ஸ்டேட்டஸ் சுத்தம், டிஸ்ப்ளேயில் உயரம் மட்டும் அபத்தம். கம்பியைத் தொடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் சப்அட்ரஸ் (ஆர்டிக்குள் உள்ள உள்முகவரி) 30-க்கு ஒரு செய்தி அனுப்பித் திரும்பக் கேளுங்கள். அனுப்பியதை அப்படியே திருப்பித் தருவதற்கான இடம் அது. அதே டேட்டா திரும்பி வந்தால் போக்குவரத்து சரி, பிரச்சினை அர்த்தத்தில்.

ஐசிடியை இரு தரப்பும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1553-இல் உயர் பிட்தான் முதலில் போகும், எண்ணுவதும் அங்கிருந்து. மென்பொருள்காரர் கீழிருந்து எண்ணுவார். 32 பிட் மதிப்பில் எந்த வேர்டு முதலில் என்பது அடுத்த சண்டை. கடைசி பிட்டின் மதிப்பு எவ்வளவு, குறி எப்படி என்பவை அதற்கும் அடுத்தவை. கூடவே இன்னொன்று: வேர்டு எண்ணிக்கைப் புலத்தில் 0 என்றால் 32 வேர்டு. இதை மறந்த மென்பொருளை இன்னும் பார்க்கிறேன்.

மதிப்பு உறைந்து நின்றால் வேறு கதை. ஆர்டி சிப்புக்குப் பின்னால் உள்ள பிராசஸர் நின்றுவிட்டாலும், சிப் தன் மெமரியில் கடைசியாக இருந்ததை ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்டேட்டஸில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு முக்கியச் செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணியை ஒரு வேர்டாக வையுங்கள், அது நின்றால் பெறுபவர் டேட்டாவை நிராகரிக்கட்டும். வடிவமைப்பின்போது ஒரு வேர்டு செலவு, பிறகு சேர்ப்பதென்றால் எல்லாத் தரப்பின் ஐசிடியும் மாற வேண்டும்.

மதிப்பு எப்போதாவது ஒரு முறை மட்டும் எகிறினால், பாதி பழைய வேர்டும் பாதி புது வேர்டும் கலந்து போகிறது. ஆர்டி மென்பொருளில் இரட்டை பஃபர் போடச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: ஃபிரேம் வழிகிறது

செய்திகளின் அட்டவணை ஒரு சுற்று ஓடும் நேரம்தான் ஃபிரேம். வினாடிக்கு 50 முறை என்றால் ஃபிரேம் 20 மில்லி விநாடி. ஒரு வேர்டுக்கு 20 மைக்ரோ விநாடி. 32 வேர்டுச் செய்திக்குக் கட்டளை, ஸ்டேட்டஸ், பதில் இடைவெளி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 690. ஒரே ஒரு வேர்டுச் செய்திக்கோ 70 அளவில் ஆகிறது. 16 பிட் சரக்குக்கு இவ்வளவு வண்டிக் கூலி. குட்டிச் செய்திகளைச் சேர்த்துப் பெரிதாக்குவதுதான் முதல் வைத்தியம். அடுத்து, 50 முறை கேட்கப்படுவதில் எதை 12 முறை கேட்டால் போதும் என்று பாருங்கள். எரிபொருள் அளவை வினாடிக்கு 50 முறை கேட்டு யாருக்கு என்ன லாபம்?

திடீரென்று வழிய ஆரம்பித்தால் அட்டவணையைத் தொடாமல் ரீட்ரை எண்ணிக்கையைப் பாருங்கள். அறிகுறி 2-இல் உள்ள ஒரு கெட்ட கனெக்டர், ஒவ்வொரு ஃபிரேமிலும் மறுமுயற்சியாக நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

சாதாரண நாளில் பஸ் சுமை 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், அட்டவணையைச் செதுக்குவதை விட்டுவிட்டு இரண்டாவது பஸ்ஸுக்கான கோரிக்கையைச் சிஸ்டம் ஆர்க்கிடெக்ட்டிடம் கொண்டு போங்கள். போகும்போது ஒரு வாரத்து மானிட்டர் பதிவை எடுத்துச் செல்லுங்கள், ரீட்ரை அணைக்கப்பட்ட நிலையில் எடுத்த பதிவு.